காயலாங்கடை தொடங்கும் முன்: காவிரி டெல்டாவில் பழைய பொருள் தொழிலுக்கு வருபவர்களுக்கு

நான் முதன்முதலில் அனுப்பிய பாட்டில் லோடு அப்படியே திரும்பி வந்தது. ஒரு டன் சரக்கு. வண்டி வாடகை போக ஒரு தடவை, வர ஒரு தடவை, இரண்டும் என் கையிலிருந்து போனது. வாங்க வேண்டியவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, நடுவுல பி.வி.சி. கிடக்கு. இதை மெஷின்ல போட முடியாது."

மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தேன். உடைந்த பைப் துண்டுகள், ஒரு கூடை அளவுக்குக்கூட இல்லை. ஆனால் தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பி.வி.சி. அந்தச் சூட்டைத் தாங்காது. கருகி, அமில வாயுவை விடும். அந்த வாயு பெட்டின் வலுவைக் கெடுக்கும், நிறத்தை மஞ்சளாக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். ஒரு கூடைத் துண்டால் ஒரு டன் வீணானது.

தொழிலின் மொத்தப் பாடமும் அந்தக் கூடைக்குள் இருந்தது. ஆலைக்காரருக்கு வேண்டியது மூலப்பொருள். நம் கடை வாசலுக்கு வருவதோ கலவை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேலை பிரிப்பது. காசு அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் பிரிப்பதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

உலை வைக்கும் எண்ணம் இருந்தால்

புதிதாக வருகிற தம்பிகள் பலர் கேட்பது, "நாமே உருக்கி விற்றால் நல்ல விலை கிடைக்காதா?" என்று. டெல்டாவில் அந்த வழி நமக்குச் சரிவராது. 2020-இல் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நம் பகுதியில் புதிதாகச் செம்பு, அலுமினியம், துத்தநாக உருக்காலைகள், ஒருங்கிணைந்த இரும்பு ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவற்றைத் தொடங்கத் தடை போட்டிருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் வருகின்றன. இந்தத் தடை சரியானது என்பதுதான் என் கருத்து. மூன்று போகம் விளைந்த மண்ணின் மேல் உலோகப் புகையைப் படிய விடக்கூடாது.

நமக்கான வேலை வாங்குவது, கழற்றுவது, தரம் பிரிப்பது, அமுக்கிக் கட்டுவது, பிளாஸ்டிக் என்றால் அரைத்துக் கழுவுவது. உருக்குகிற இடங்கள் வெளியே இருக்கின்றன. வார்ப்பிரும்பு கோயம்புத்தூர் வார்ப்படச் சாலைகளுக்குப் போகும். எஃகு கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உலைகளுக்குப் போகும். பித்தளைக்கு மட்டும் நம் ஊரிலேயே வாங்க ஆள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடமும் தாள்களும்

ஆரம்பத்துக்குப் பத்து சென்ட் போதும். ஆனால் அது பக்கத்து வயலைவிட மேடாக இருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஏறினால் அட்டையும் சாக்கும் ஒரே ராத்திரியில் போய்விடும். வாய்க்கால் கரை வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். மோட்டாரிலிருந்தும் கியர் பெட்டியிலிருந்தும் வடிகிற எண்ணெய் நேராகத் தண்ணீரில் இறங்கும். கழற்றுகிற இடத்துக்கு மட்டுமாவது சிமெண்டுத் தளம் போட்டு, ஓரத்தில் சின்ன வரப்பு கட்டிவிடுங்கள். வடிந்த எண்ணெயை டின்னில் பிடித்துத் தனியாகக் கொடுத்துவிடலாம்.

தாள்கள்: உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு (இணையத்தில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்), உள்ளாட்சியில் தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. பிளாஸ்டிக் அரைக்கிற, கழுவுகிற வேலை இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு முதலில், இயந்திரம் பிறகு. ஜி.எஸ்.டி.யில் ஒரு விஷயம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத வியாபாரியிடம் உலோகக் கழிவு வாங்கினால் வரியைக் கட்ட வேண்டியவர் பதிவு பெற்ற நீங்கள்தான். முதல் மாதமே ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வாங்கும்போது

பேரேடு ஒன்று போடுங்கள். தேதி, விற்றவர் பெயர், போன் எண், அடையாள அட்டை நகல், பொருள், எடை. தெரிந்த ஆளாக இருந்தாலும் எழுதுங்கள். டெல்டாவில் பம்புசெட் கேபிள் திருடு போகாத ஊர் இல்லை. ராத்திரியில் அறுத்துக்கொண்டு போன ஐம்பதடிக் கேபிளால் ஒரு விவசாயியின் நாற்றங்கால் காயும். சுருட்டிய புதுக் கேபிள், நடுவில் எஃகுக் கம்பி ஓடுகிற அலுமினிய மின்கம்பி, ரயில்வே இரும்பு, கோயில் மணி இவை வந்தால் எடை போடவே வேண்டாம்.

நம் பகுதிக்கென்று இன்னொன்று உண்டு. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் குளம் தூர்வாரும்போதும் இங்கே பழைய செப்புத் திருமேனிகள் கிடைப்பது வழக்கம். யாராவது சாக்கில் சுற்றி ஒரு சிலையையோ பழைய பூசைச் சாமானையோ கொண்டுவந்தால், எடைக்கு வாங்கி உருக்கப் போடுகிற பொருள் அது இல்லை. மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். "கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்க, நானும் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நல்லபடியாகக் கிடைத்த பொருள் என்றால் மறுக்க மாட்டார்கள்.

உலோகம் பிரிப்பது

கையில் காந்தம், அரம், உளி, கத்தி. இந்த நான்கும் இருந்தால் தொண்ணூறு சதவீதச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

காந்தம் பலமாக ஒட்டினால் இரும்பு வகை. அதிலும் வார்ப்பிரும்பையும் எஃகையும் கலக்காதீர்கள். பழைய பம்பு உடல், ரைஸ்மில் புல்லி போன்றவை வார்ப்பிரும்பு. சுத்தியலால் ஓங்கி அடித்தால் வளையாமல் உடையும், உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாகத் தெரியும். கம்பி, ஆங்கிள், டிராக்டர் கேஜ் வீல் எல்லாம் எஃகு, அடித்தால் வளையும். தகரம் மூன்றாவது குவியல்.

எவர்சில்வரில் காந்தத்தை முழுதாக நம்ப முடியாது. நிக்கல் அதிகம் உள்ள நல்ல ரகமும் ஒட்டாது, மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகமும் ஒட்டாது. வித்தியாசம் விலையில் பெரியது. பெரிய வியாபாரிகள் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து நொடியில் சொல்லிவிடுவார்கள். நீங்கள் அதை வாங்குகிற வரை, ரைஸ்மில்லிலிருந்து வந்தது, வீட்டுப் பாத்திரம், ஓட்டல் மேசை என்று எங்கிருந்து வந்ததோ அதன்படி தனித்தனியாக வையுங்கள்.

செம்புக்கும் பித்தளைக்கும் அரம். மேலே கறுத்திருந்தாலும் ஒரு இழுப்பு இழுத்தால் செம்பு சிவப்பாகவும் பித்தளை மஞ்சளாகவும் தெரியும். பளபளக்கிற குளியலறைக் குழாய்களில் ஏமாறுவார்கள். அரத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை. கையில் தூக்கினால் இரண்டும் கனமாகத்தான் இருக்கும், அதனால் அரம் போடாமல் விலை சொல்லாதீர்கள்.

அலுமினியத்தில் வார்ப்பு, தகடு, கம்பி, இண்டாலியப் பாத்திரம் எல்லாம் வேறு வேறு கலவை. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகிற சக்தியில் ஏறக்குறைய ஐந்து சதவீதம் போதும். ஆலைகள் இதற்குப் போட்டி போடுவது அதனால்தான். ஆனால் அதில் சிக்கிய இரும்பு ஸ்க்ரூ உருகும்போது கரைந்துபோனால் திரும்பப் பிரிக்க முடியாது. ஜன்னல் சட்டம் வந்தால் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றுங்கள்.

ஒரு மோட்டாரைக் கழற்றிப் பார்ப்போம்

டெல்டாவில் அதிகம் வருகிற சரக்கு இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஐந்து குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாகச் சேர்ந்தது) ஒன்று எரிந்துபோய் வந்திருக்கிறது. மொத்தமாக இரும்பு விலைக்குத் தள்ளினால் நஷ்டம், கழற்றினால் ஆறு சரக்கு.

முதலில் விசிறி மூடியும் பிளாஸ்டிக் விசிறியும். அப்புறம் போல்ட்டுகளை எடுத்தால் முன்மூடி வரும், அது வார்ப்பிரும்பு. தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரை அரம் போட்டுப் பாருங்கள், சில கம்பெனிகள் வெண்கலத்தில் போட்டிருப்பார்கள். நடுவில் சுழல்கிற உருளையை உருவினால் இரு முனையிலும் வெள்ளை வளையம் தெரியும். அது அலுமினியம், நடுவில் எஃகுத் தகடுகள், ஊடே தண்டு. பேரிங்குகளைத் தனியே தட்டி எடுங்கள்.

இனி செம்பு. கம்பிச் சுருளை ஒரு பக்கம் உளி வைத்து, தகட்டோடு ஒட்டி வெட்டிவிடுங்கள். மறுபக்கத்தில் கொக்கி போட்டு இழுத்தால் ஒவ்வொரு கட்டாக வெளியே வரும். இறுகியிருந்தால் பள்ளங்களில் இருக்கிற மூங்கில் குச்சியையோ ஃபைபர் பட்டையையோ முதலில் தட்டி வெளியேற்றினால் தளரும். கம்பி வந்ததும் கத்தியால் ஒரு சுரண்டல். இந்தச் சுரண்டலை மறக்கவே கூடாது. மேலே எனாமல் பூச்சு சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் மலிவு மோட்டார்களில் உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரியும். செம்பு விலை கொடுத்து அலுமினியம் வாங்கிய கதை எங்கள் பகுதியில் ஒவ்வொரு கடையிலும் உண்டு. கம்பியை வெட்டிய முனையையும் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் போட்ட கம்பியும் இப்போது வருகிறது, நடு வெள்ளையாக இருக்கும்.

செம்பை முழுதாக உருவி எடுப்பதற்கு நம் லாபம் மட்டும் காரணமில்லை. இரும்போடு செம்பு உலைக்குள் போய்விட்டால் அதை எடுக்க நடைமுறையில் வழி கிடையாது. அந்த எஃகைச் சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும். அதனால் செம்பு ஒட்டிய மோட்டார் இரும்பை உலைக்காரர்கள் தள்ளுபடி விலைக்குத்தான் எடுப்பார்கள்.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார் வேறு. அதில் கம்பிக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கும். உறையை உரிக்க நேரம் ஆகும் என்று தீ வைப்பவர்கள் இருக்கிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். பி.வி.சி. உறை செம்போடு சேர்ந்து எரியும்போது டயாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது பக்கத்து வயலிலும் வைக்கோலிலும் படிந்து, மாட்டுக்குள் போய், பாலில் நம் பிள்ளைகளுக்கே வரும். எரித்த செம்பு கறுத்து, விலையும் குறையும். கையால் சுற்றுகிற உரிப்பு இயந்திரம் சின்னதாகக் கிடைக்கிறது. மெல்லிய வயர் என்றால் உரிக்காமல் உறையோடே விற்றுவிடுங்கள், அதற்கும் வாங்குபவர் உண்டு.

பித்தளைக்கு நாச்சியார்கோவில்

பித்தளைக்கு ஊரிலேயே ஆள் உண்டு என்றேன். குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான். வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, பித்தளையை ஊற்றி, அடி, தண்டு, அகல், முடி என்று தனித்தனியாக வார்த்துக் கடைசல் பிடிக்கிறார்கள். பழைய அண்டாவும் குடமும் அங்கே விளக்காகின்றன.

பட்டறைக்காரர்கள் எதிர்பார்க்கிற சுத்தம் அதிகம். பாத்திரத்தின் உள்ளே ஈயம் பூசியிருந்தால் சொல்லிவிடுங்கள். இரும்புக் கைப்பிடி, ஆணி, ஒட்டு வேலை எல்லாம் வெட்டி எடுத்திருக்க வேண்டும். கடைசலில் விழுகிற பித்தளைச் சுருளை வாங்கி விற்பவராக இருந்தால் ஒரு முறை சொல்லித்தருகிறேன். அகலமான தட்டில் சுருளை மெல்லியதாகப் பரப்புங்கள். காந்தத்தை வேட்டித் துணியில் சுற்றி மேலாக நகர்த்துங்கள். இரும்புத் தூள் துணிமேல் மீசை மாதிரி எழுந்து நிற்கும். தட்டுக்கு வெளியே கொண்டுபோய், துணியிலிருந்து காந்தத்தை உருவினால் தூள் அப்படியே கீழே கொட்டும். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டுப் பட்டறைக்குப் போனால் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

பிளாஸ்டிக்: ஒரு வாளித் தண்ணீர்

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 பெட், 2 கடின பாலித்தீன், 3 பி.வி.சி., 4 மென்பாலித்தீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. உடைந்த துண்டில் எண் இருக்காது. அப்போது வாளி.

2, 4, 5 மூன்றும் தண்ணீரில் மிதக்கும். 1, 3, 6 மூழ்கும். தண்ணீர் பாட்டிலை அரைத்துத் தொட்டியில் போட்டால் உடல் அடியில் தங்கும், மூடித் துண்டுகள் மேலே வரும், அரித்து எடுத்துக்கொள்ளலாம். நாற்று விடுமுன் நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் பிரிப்போமே, அதே கணக்கு. உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் 6 மேலே வந்துவிடும், 1-உம் 3-உம் கீழேயே கிடக்கும்.

ஆபத்து அந்த இரண்டில்தான். பெட்டும் பி.வி.சி.யும் சேர்ந்தே மூழ்குவதால் தண்ணீரால் பிரிக்க முடியாது, கண்ணாலும் கையாலும் அரைப்பதற்கு முன்பே பிரிக்க வேண்டும். என் முதல் லோடு இங்கேதான் போனது. வளைத்துப் பாருங்கள், பி.வி.சி. வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். பாட்டிலைச் சுற்றிய சுருங்கு லேபிளும் பி.வி.சி.யாக இருக்கக்கூடும், கிழித்துவிடுங்கள்.

வயலிலிருந்து வருகிற சரக்கில் உரச்சாக்கு பெரும்பாலும் 5 ரகம், தார்ப்பாய் பெரும்பாலும் 2. உதறி, அலசி, காயவைத்தால்தான் விலை. பூச்சிமருந்து பாட்டிலை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அரைத்த துண்டு எங்கே போய் வாளியாகவோ பொம்மையாகவோ மாறும் என்று நமக்குத் தெரியாது. அதேபோல் பழைய சாம்பல் நிற பி.வி.சி. பைப்புகளில் காரீயச் சேர்மம் இருக்கக்கூடும், குடிநீர்க் குழாய் செய்பவருக்கு அதை விற்காதீர்கள்.

கரையோரத்தில் வலை வரும். நைலான் வலை மூழ்கும், பாலித்தீன் வலை மிதக்கும். ஈயக் குண்டையும் மிதவையையும் அறுத்துத் தனியாக எடுத்த பிறகே எடை போடுங்கள்.

ஃபைபர் படகு வந்தால்

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஏராளமானவை உடைந்தன. வயதான படகுகள் இன்னும் வந்துகொண்டே இருக்கும்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகியது. இறுகிய பிசின் மறுபடி உருகாது, அதனால் பிளாஸ்டிக் குவியலில் அதற்கு இடமில்லை. எஞ்சின், தண்டு, வெண்கல விசிறி, எவர்சில்வர் போல்ட் இவற்றுக்குத்தான் காசு. கூடு நமக்குச் செலவு. அதற்கு இருக்கிற நல்ல வழி சிமெண்டு உலை. பிசின் எரிபொருளாக எரியும், கண்ணாடியில் இருக்கிற சிலிக்கா சிமெண்டுக் கட்டியோடு சேர்ந்துவிடும். அரியலூர், டால்மியாபுரம் என்று சிமெண்டு ஆலைகள் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஆலை தயாராக இருந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் இருந்தால்தான் எடுக்கும், நாம் தனி ஆளாக ஒரு படகோடு போய் நிற்க முடியாது. நான்கைந்து கடைகள் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது. அந்த வழி உறுதியாகிற வரை கூட்டை விலைக்கு வாங்காதீர்கள். அறுக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுங்கள். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாவிட்டால் கண்ணாடித் தூள் தோலில் ஏறி ராத்திரி தூங்க விடாது.

கருப்புத் தண்ணீர்த் தொட்டியை ஃபைபர் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அது பாலித்தீன், நல்ல சரக்கு. வெட்டிய விளிம்பில் இழை தெரிந்தால்தான் ஃபைபர்.

தொடவே கூடாதவை

கார், இன்வெர்ட்டர் பேட்டரியை உடைக்காதீர்கள், முழுதாக வாங்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு முழுதாகவே கொடுங்கள். காரீயத் தூள் வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வந்து கைக்குழந்தையின் மூளையைப் பாதிக்கும். மூடிய டிரம், கேஸ் சிலிண்டர், ஷாக் அப்சார்பர் இவற்றின் மேல் கேஸ் கட்டர் படக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, வெடிக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை ஒரு வண்டி இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உடைத்தால் பறக்கிற இழை நுரையீரல் புற்றுநோய் தரும்.

எப்போது வாங்குவது, எப்படி அனுப்புவது

ஆயுதபூசைக்கு முன்னால் பட்டறைகளும் போகியை ஒட்டி வீடுகளும் பழைய சாமானை ஒழிக்கும். தை மாசி அறுவடை முடிந்ததும் விவசாயிகள் பழைய இயந்திரத்தைத் தள்ளுவார்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி மோட்டார் வேலை மும்முரமாகும், எரிந்த மோட்டார்கள் அப்போது நிறைய வரும். ஆவணியில் வேளாங்கண்ணித் திருவிழா வந்தால் பாட்டில். இந்த நாட்களுக்குக் கையில் காசு வைத்திருங்கள்.

செம்பு, அலுமினிய விலை உலகச் சந்தையோடு தினமும் ஏறி இறங்கும். காலையில் இரண்டு வாங்குபவரிடமாவது விலை கேட்டுவிட்டுக் கடையைத் திறங்கள். முதல் வருடம் விலை ஏறும் என்று சரக்கைத் தேக்காதீர்கள். வாங்கியதைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பிக் காசைத் திருப்புங்கள்.

வண்டி ஏற்றும் முன் எடை மேடையில் போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே போனதும் அவர்கள் சீட்டோடு ஒப்பிடலாம். ஈரமாக ஏற்றாதீர்கள், ஈரத்துக்கு அவர்கள் கழிப்பது உண்மையான ஈரத்தைவிட எப்போதும் கூடத்தான் இருக்கும். மூட்டை தைக்கும்போது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி எடுத்து ஒரே பையில் போட்டு, தேதியும் லோடு எண்ணும் எழுதிக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் குறை சொல்லிப் போன் செய்தால் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுப் பதில் பேசுங்கள். பணம் முழுதாக வந்து சேர்கிற வரை பையைத் தூக்கிப் போடாதீர்கள்.